நம்பிக்கையை அளக்கும் கோல்

தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. மறைக்கல்வி வகுப்பிலே நாம் கற்ற மூன்று தேவ புண்ணியங்களுள் நடுவில் நிற்பது நம்பிக்கை. அங்கு அதன் பொருள், இறைவன் வாக்களித்ததை எதிர்நோக்கி உறுதியோடு காத்திருத்தல் என்பதாகும். பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியூர் செல்லும்போது நாம் வைப்பதும் நம்பிக்கைதான். அது மனிதரை அறிந்து பழகியதனால் விளைந்த துணிவு. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு. அரசு, நீதிமன்றம், காவல்துறை, வங்கி, செய்தித்தாள், மருத்துவமனை, திருச்சபை என்று, முழுமையாக நம் கண்ணுக்குப் புலப்படாத பெரும் நிறுவனங்கள் பல நம் வாழ்வைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின்மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை இத்தனை விழுக்காடு என்று அவ்வப்போது செய்திகளில் படிக்கிறோம். இம்மாதம் நாம் சிந்திக்க விழைவது இந்த மூன்றாம் நம்பிக்கையைப் பற்றியே.

நெஞ்சுக்குள் இருக்கும் ஒன்றை எண்ணில் எழுத முடியுமா? முடியுமெனில், அந்த எண் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை? இவை புள்ளியியல் வல்லுநருக்கு மட்டுமே உரிய வினாக்கள் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. இவ்வெண்களைக் காட்டி ஆட்சிகள் பெருமை கொள்கின்றன, எதிர்த்தரப்பினர் ஏசுகின்றனர். திருச்சபையைப் பற்றியும் இவ்வெண்கள் பேசுகின்றன. ஆகவே அவற்றைப் படிக்கும் முறையை ஓரளவேனும் அறிந்திருப்பது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

இத்தகைய அளவீட்டில் நெடியதும் தொடர்ச்சியானதுமான பதிவைக் கொண்ட நாடு அமெரிக்கா. அங்குள்ள வரலாற்றையே நாம் இங்குச் சான்றாகக் கொள்வோம்.

1958 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்க மக்களிடம் ஒரு வினாவை எழுப்பினர். வாஷிங்டனிலுள்ள அரசு சரியானதையே செய்யும் என்று ஏறக்குறைய எப்போதும் நம்பலாமா, பெரும்பாலும் நம்பலாமா, சில வேளைகளில் மட்டுமே நம்பலாமா என்பது அவ்வினா. ‘ஒருபோதும் நம்ப இயலாது’ என்னும் விடை மக்கள் முன் வைக்கப்படவில்லை. எவரேனும் தாமாகவே கூறினால் மட்டும் அது குறித்துக்கொள்ளப்பட்டது. முதலிரண்டு விடைகளுள் ஒன்றைத் தந்தோர் அவ்வாண்டில் 73 விழுக்காட்டினர். 1964 இல் இந்த எண் 77 ஆயிற்று. அதன்பின் வந்தது வீழ்ச்சி. வியட்நாம் போர் நீண்டது; நகரங்களில் கலவரங்கள் மூண்டன; வாட்டர்கேட் ஊழல் வெளிப்பட்டு 1974 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். அவ்வாண்டில் எண் 36 க்கு இறங்கிற்று. 1980 இல் நான்கில் ஒருவரே அரசை அவ்வாறு நம்பினர். இதே வினாவைப் பியூ ஆய்வு நிலையம் 2023 இல் கேட்டபோது கிடைத்தது 16 விழுக்காடு மட்டுமே.

அரசு ஒன்றையே பற்றியது அவ்வினா. பல நிறுவனங்களையும் ஒருசேர நிறுத்திக் கேட்கும் முறையைக் கேலப் நிறுவனம் 1973 இல் தொடங்கிற்று. கருத்துக் கணிப்புத் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகிய ஜார்ஜ் கேலப் நிறுவியது அது. திருச்சபை அல்லது அமைப்புற்ற சமயம், உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம், இராணுவம், பள்ளிகள், செய்தித்தாள்கள் என்று பட்டியலைப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றின்மீதும் உமக்குள்ள நம்பிக்கை மிக அதிகமா, ஓரளவு அதிகமா, சிறிதளவா, மிகக் குறைவா என்று கேட்பார்கள். முதலிரண்டு விடைகளையும் கூட்டி வெளியிடுவது அவர்கள் வழக்கம். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘சிறிதளவு’ என்றவர் அந்தக் கூட்டலில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின்மீது நம்பிக்கை 32 விழுக்காடு என்று படித்தால், எஞ்சிய 68 விழுக்காட்டினரும் அதனை வெறுக்கின்றனர் என்று பொருள் கொள்ளலாகாது. நடுவில் நிற்போர் பெருந்தொகையினர். தலைப்புச் செய்தியில் அவர்கள் குரல் ஒலிப்பதில்லை.

எத்தனை பேரைக் கேட்டு இவ்வெண்ணைப் பெறுகிறார்கள்? பெரும்பாலும் ஆயிரம் பேர் அல்லது அதற்குச் சற்று மேல். முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் ஆயிரம் பேர் போதுமா என்று ஐயம் எழலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் அறிந்திருந்ததுதான் இக்கலையின் அடிப்படை. ஆனால் பானை சமமாக வெந்திருக்க வேண்டும், அல்லது நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருக்கும் பானையில், மேலிருந்து மட்டும் ஒரு கரண்டி அள்ளினால் நாம் ஏமாறுவோம். யாரையும் விலக்காமல், எல்லாருக்கும் தேர்ந்தெடுக்கப்பட வாய்ப்பளித்துச் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆயிரம் பேரைத் தெரிந்தெடுத்தால், கிடைக்கும் எண் உண்மை நிலையிலிருந்து மூன்று விழுக்காட்டளவு மேலோ கீழோ இருக்கலாம். இருபது முறையில் பத்தொன்பது முறை அந்த எல்லைக்குள் அடங்கும். இது கணிதம் தரும் உறுதி.

கிளறாத பானையின் கதையை 1936 இல் உலகம் கண்டது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் அமெரிக்க வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அஞ்சல்களை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் 57 விழுக்காடு பெற்று வெல்வார் என்று அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகளுடன் வென்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். இதழ் பயன்படுத்திய முகவரிகளுள் பெரும்பாலானவை தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார நெருக்கடி வாட்டிய அந்நாளில் இவ்விரண்டும் வசதி உடையோரின் உடைமைகள். சீட்டைத் திருப்பி அனுப்பியோரும் மாற்றம் வேண்டி நின்றோராகவே மிகுந்திருந்தனர். மிகச் சிறிய தொகையினரைக் கேட்ட கேலப், வெற்றி யாருக்கு என்பதைச் சரியாகச் சொன்னார்.

இன்று இத்துறைக்கு வந்திருக்கும் இடர் வேறு. தொலைபேசியில் அழைத்தால் மக்கள் பேச மறுக்கின்றனர். பியூ நிலையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997 இல் நூற்றுக்கு 36 பேர் விடையளித்தனர். 2018 இல் 6 பேர் மட்டுமே. மற்ற பொருள்களைப் பற்றிய கணிப்பிலும் இது குறைதான். நம்பிக்கையைப் பற்றிய கணிப்பிலோ இது தனிச் சிக்கல். முன்பின் அறியாத ஒருவர் கேட்கும் கேள்விக்கு உள்ளம் திறந்து விடையளிப்பதே நம்பிக்கையின் செயலன்றோ? யாரையும் நம்பாதவர் தொலைபேசியை வைத்துவிடுகிறார். அவருடைய அவநம்பிக்கை கணக்கில் ஏறுவதில்லை. அளக்கப்படும் பொருளே அளவுகோலின் நீளத்தை மாற்றுகிறது. ஆய்வாளர்கள் இதை அறிந்தே இருக்கின்றனர். வயது, கல்வி, இனம், வட்டாரம் ஆகியவற்றுக்கேற்ப எடையிட்டுச் சரி செய்கின்றனர். குறை ஓரளவு தீர்கிறது, முற்றிலும் தீர்வதில்லை.

சரியான ஆட்களைச் சரியான முறையில் கேட்டுவிட்டதாகவே கொள்வோம். அவர்கள் தந்த விடை எதைப் பற்றியது? 1974 இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வாதம் நிகழ்ந்தது. நம்பிக்கை வீழ்ந்துகொண்டே போவது அரசியல் அமைப்பின்மீதே மக்கள் கொண்ட ஆழ்ந்த மனக்கசப்பின் அடையாளம் என்றார் ஆர்தர் மில்லர். அப்படியன்று, அப்போது பதவியில் இருப்போரின்மீது கொண்ட சலிப்பே அது, ஆட்கள் மாறினால் விடையும் மாறும் என்றார் ஜேக் சிட்ரின். அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வாதம் முடியவில்லை. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. தம் கட்சியைச் சேர்ந்தவர் குடியரசுத் தலைவராக இருந்தால் அமெரிக்கர் அரசை மிகுதியாக நம்புகின்றனர். மாற்றுக் கட்சியினர் வந்தால் அதே அரசை ஐயுறுகின்றனர். மற்றொரு புறம், எந்தக் கட்சி ஆண்டாலும் மொத்த எண் 1964 இன் உயரத்துக்குத் திரும்பவே இல்லை.

நேரமும் விடையை மாற்றுகிறது. 1991 இல் வளைகுடாப் போர் முடிந்த உடனே கேலப் கேட்டபோது இராணுவத்தின்மீது நம்பிக்கை 85 விழுக்காடாக உயர்ந்து நின்றது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் சில வாரங்களில், நெடுங்காலம் தாழ்ந்து கிடந்த அரசு நம்பிக்கை பாதிக்கு மேல் எழுந்தது. அந்தச் சில வாரங்களில் அரசு அலுவலகங்கள் திருந்திவிடவில்லை. துன்பம் வந்தபோது குடும்பத்தார் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்வதுபோல் மக்கள் தம் நாட்டைப் பற்றிக்கொண்டனர். எண் உயர்ந்தது, அது காட்டியது அன்பையும் அச்சத்தையுமே.

தொலைவும் விடையை மாற்றுகிறது. ரிச்சர்டு ஃபென்னோ என்னும் அறிஞர் 1975 இல் ஒரு புதிரை எடுத்துரைத்தார். அமெரிக்க மக்கள் நாடாளுமன்றத்தைக் குறை கூறுகின்றனர்; ஆனால் தம் தொகுதி உறுப்பினரை மெச்சி மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கின்றனர். கூட்டிப் பார்த்தால் நாடாளுமன்றம் என்பது அந்த உறுப்பினர்களே அன்றோ? கத்தோலிக்கரிடத்தும் இதே நிலைதான். 2019 இல் கேலப் அமெரிக்கக் கத்தோலிக்கரைக் கேட்டபோது, தம் சொந்தப் பங்கின் குருக்கள்மீது உயர்ந்த நம்பிக்கை உடையோர் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர். நாட்டின் ஆயர்கள்மீது அத்தகைய நம்பிக்கை உடையோர் பத்தில் ஏறத்தாழ மூவர். ஞானஸ்நானம் கொடுத்தவரையும், இறுதிச் சடங்கில் உடன் நின்றவரையும் மக்கள் அறிவர். ஆயர் பேரவை என்பதை அவர்கள் செய்தித்தாள் வழியாகவே அறிவர். ஆகவே நிறுவனத்தின்மீதான நம்பிக்கை என்று நாம் அளப்பது, பல வேளைகளில் அந்நிறுவனத்தைப் பற்றி மக்கள் கேள்விப்பட்டதன் அளவே.

அச்சமும் விடையை மாற்றும். ஆட்சியைக் குறை கூறினால் தீங்கு வரும் என்று மக்கள் எண்ணும் நாட்டில், ஆட்சியை நம்புகிறீரா என்று நேராகக் கேட்டால் எவர்தாம் இல்லை என்பார்? இதற்கென ஆய்வாளர்கள் ஓர் உத்தியைக் கண்டுள்ளனர். விடையளிப்போரை இரு பிரிவாக்கி, முதற் பிரிவினருக்குத் தீங்கற்ற மூன்று கூற்றுகளைப் படித்துக் காட்டி, இவற்றுள் எத்தனை கூற்றுகளை ஏற்கிறீர் என்று எண்ணிக்கை மட்டும் கேட்பர். இரண்டாம் பிரிவினருக்கு அதே மூன்றுடன் ஆட்சியை ஆதரிக்கும் கூற்று ஒன்றையும் சேர்த்துக் கேட்பர். எதை ஏற்றார் என்பது எவருக்கும் தெரியாது; ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. முதற் பிரிவின் சராசரி 1.8 என்றும் இரண்டாம் பிரிவின் சராசரி 2.4 என்றும் வைத்துக்கொள்வோம். வேறுபாடாகிய 0.6 தான் விடை. அதாவது ஆதரிப்போர் 60 விழுக்காடு. சீனத்தில் இம்முறையைக் கையாண்டு 2024 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நேரடிக் கேள்விக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்த ஆட்சி ஆதரவு, பட்டியல் முறையில் 50 முதல் 70 விழுக்காடு வரையே காணப்பட்டது. மிக உயர்ந்த எண் எப்போதும் நற்செய்தி ஆகாது என்பதற்கு இது சான்று.

இப்போது நம் உள்ளத்துக்கு அண்மையான, சொல்லவும் கேட்கவும் துன்பம் தரும் ஒன்றுக்கு வருகிறோம்.

கேலப் பட்டியல் தொடங்கிய 1973 முதல் 1985 வரை, அமெரிக்க மக்கள் எல்லா நிறுவனங்களிலும் மேலாக நம்பியது திருச்சபையை, அதாவது அமைப்புற்ற சமயத்தைத்தான். எல்லாச் சபைகளையும் சமயங்களையும் உள்ளடக்கிய எண் அது என்பதை மறத்தலாகாது. 1975 இல் அது 68 விழுக்காடு. அரசும் அரசியலாரும் வாட்டர்கேட்டில் மதிப்பிழந்து நின்ற அந்நாளில், கோவில் மட்டும் தலைநிமிர்ந்து நின்றதாக அவ்வெண் சொல்லிற்று.

அதே ஆண்டுகளைப் பற்றி மற்றொரு கணக்கும் பிற்காலத்தில் எழுதப்பட்டது. அமெரிக்க ஆயர்களே கேட்டுக்கொண்டதற்கிணங்க, நியூயார்க்கிலுள்ள ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி, 1950 முதல் 2002 வரை குருக்கள் சிறார்மீது இழைத்ததாகக் கூறப்பட்ட பாலியல் வன்கொடுமைகளை ஆராய்ந்து, 2004 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கையின்படி குற்றச்சாட்டுக்கு உள்ளானோர் 4,392 பேர். அக்காலத்தில் பணியாற்றிய குருக்களுள் ஏறத்தாழ 4 விழுக்காடு. முறையிட்டோர் 10,667 பேர். அச்செயல்கள் 1960 களின் நடுப்பகுதியிலிருந்து பெருகி, 1970 களின் பிற்பகுதியில் உச்சத்தை எட்டி, 1980 களில் குறையத் தொடங்கின.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நம்பிக்கையின் எண் உச்சியில் நின்ற ஆண்டுகளும், சிறுவர் பலர் எவரிடமும் சொல்ல இயலாமல் துன்புற்ற ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. அந்தப் பெற்றோர் தம் குழந்தையைத் தயக்கமின்றி அனுப்பியது நம்பிக்கையினால். குழந்தை ஏதோ சொல்ல முயன்றபோது சிலர் செவி கொடுக்க மறுத்ததும் அதே நம்பிக்கையினால். 68 விழுக்காடு என்னும் எண் பொய்யன்று. மக்கள் உண்மையாகவே நம்பினார்கள். ஆனால் அவ்வெண்ணைக் கண்டு எல்லாம் நலமே என்று அன்று எவரேனும் மகிழ்ந்திருந்தால், அவர் பெரிதும் ஏமாந்திருப்பார்.

2002 ஜனவரியில் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்று அங்கு மறைக்கப்பட்டிருந்தவற்றை வெளிப்படுத்தத் தொடங்கிற்று. முந்தைய ஆண்டில் 60 ஆக இருந்த கேலப் எண் அவ்வாண்டில் 45 க்கு வீழ்ந்தது. ஒரே ஆண்டில் பதினைந்து விழுக்காடு! அன்று பலர் இதைத் திருச்சபைக்கு நேர்ந்த பேரிழப்பு என்று வருந்தினர். வருத்தம் இயற்கையே. ஆனால் நாம் ஒன்று கேட்போம். இழப்பு நேர்ந்தது எண் வீழ்ந்த 2002 இலா, அல்லது எண் உயர்ந்து நின்ற அந்த முந்தைய ஆண்டுகளிலா? காய்ச்சல் இருப்பதை வெப்பமானி காட்டியபோதா நோய் தொடங்கிற்று? நோய் முன்னமே இருந்தது. அந்த வெப்பமானியை எவரும் அதுவரை நோயாளியிடம் வைத்துப் பார்க்கவில்லை. நலமாக இருக்கிறார் என்று பிறர் எண்ணுவதை மட்டுமே குறித்துவைத்திருந்தனர்.

நாம் சொல்ல விழைவது இதுதான். நம்பிக்கைக் கணிப்பு நம்புகிறவரின் மனநிலையை அளக்கிறது. நம்பப்படுவோரின் தகுதியை அது அளப்பதில்லை. இவ்விரண்டும் ஒன்றென எண்ணுவதிலிருந்தே பிழைகள் பலவும் பிறக்கின்றன.

ஓனோரா ஓ’நீல் என்னும் மெய்யியல் அறிஞர், பிரிட்டிஷ் வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை 2002 இல் ஆற்றியபோது இதையே தம் பொருளாகக் கொண்டார். மக்கள் கணிப்புகளில் நம்பவில்லை என்று கூறும் மருத்துவரிடமும் காவலரிடமும் நடைமுறையில் தொடர்ந்து செல்கின்றனர் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். நம்பிக்கையைப் பெருக்குவது குறிக்கோளாக இருக்க முடியாது என்பது அவர் கருத்து. தகாதவரை நம்புவது பெருகினால் தீமையே மிகும். தகுதி உடையோரை நம்பவும் தகுதியற்றோரை நம்பாதிருக்கவும் மக்களுக்கு வழி வேண்டும். அதற்கு நிறுவனங்கள் நேர்மையும் திறமையும் சொன்ன சொல் தவறாமையும் உடையனவாய் இருத்தல் வேண்டும். அவை அவ்வாறு இருக்கின்றனவா என்று சாதாரண மனிதர் சோதித்தறியவும் இயல வேண்டும். நம் தமிழுக்கு இது புதிதன்று. திருவள்ளுவர் இதற்கெனவே ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். முதலில் ஆராய்தல், பின்னர் நம்புதல் என்னும் வரிசை அந்தப் பெயரிலேயே அமைந்திருக்கிறது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் துன்பம் என்பது அவர் காட்டும் நெறி.

அப்படியாயின் இக்கணிப்புகளால் பயன் இல்லையா? உண்டு. ஒரே வினாவை ஒரே சொற்களால் ஆண்டுதோறும் கேட்டுவரும்போது, ஒரு தனி எண் சொல்லாததை எண்களின் வரிசை சொல்லிவிடுகிறது. எங்கே திடீரென வளைகிறது என்று பார்த்தால், அங்கே என்ன நிகழ்ந்தது என்று தேடத் தோன்றும். அண்மைக் காலத்தில், யார் நம்புகின்றனர் என்பதோடு ஏன் நம்புகின்றனர் என்பதையும் கணிப்புகள் தேடத் தொடங்கியுள்ளன. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு 2023 இல் 30 நாடுகளில் நடத்திய ஆய்வில், தம் நாட்டரசின்மீது உயர்ந்த நம்பிக்கையோ மிதமான நம்பிக்கையோ உடையோர் 39 விழுக்காடு. குறைந்த நம்பிக்கை உடையோரும் நம்பிக்கையே இல்லாதோரும் 44 விழுக்காடு. ஆனால் அரசின் செயல்களில் தம் சொல்லுக்கு இடம் உண்டு என்று உணர்வோரை மட்டும் தனியே எடுத்தால், அவர்களுள் நம்புவோர் 69 விழுக்காடு. இடம் இல்லை என்று உணர்வோருள் நம்புவோர் 22 விழுக்காடே. செவிசாய்க்கப்பட்டவர் நம்புகிறார், புறக்கணிக்கப்பட்டவர் விலகுகிறார். நம்புவதனாலேயே தமக்கு இடமுண்டு என்று சிலர் உணர்கின்றனரா, அல்லது இடம் கிடைத்ததனால் நம்புகின்றனரா என்பதைக் கணிப்பு மட்டும் அறுதியிட்டுக் கூற முடியாதுதான். ஆயினும் எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

அமெரிக்கத் திருச்சபையும் எண்ணைத் தூக்கி நிறுத்த விளம்பரம் செய்வதோடு நின்றிருக்கலாம். ஆனால் 2002 ஜூனில் டல்லஸ் நகரில் கூடிய ஆயர்கள், சிறாரைப் பாதுகாப்பதற்கான சாசனம் ஒன்றை இயற்றினர். மறைமாவட்டங்கள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்து அறிக்கை வெளியிடும் முறையையும் ஏற்படுத்தினர். 2019 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், உலகெங்கும் உள்ள குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களை அறிந்தால் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வகுத்தார். இவற்றால் எண் உடனே உயர்ந்துவிடவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கருள், இச்செய்திகளால் தாம் திருச்சபையில் நீடிப்பதா என்று எண்ணிப் பார்த்ததாகக் கூறியோர் 2002 இல் 22 விழுக்காடு. 2019 இல் 37 விழுக்காடு. சமயத்தின்மீதான பொது நம்பிக்கை 2022 இல் 31 ஆகவும் 2023 இல் 32 ஆகவும் இருந்தது. தகுதி முதலில் வர வேண்டும். நம்பிக்கை வெகு பின்னால், தன் வேகத்தில் நடந்து வரும். வராமலும் போகலாம். அது வராவிட்டாலும் செய்ய வேண்டியதைச் செய்தே ஆக வேண்டும். ஏனெனில் அது எண்ணுக்காகச் செய்யப்படுவதன்று, குழந்தைகளுக்காகச் செய்யப்படுவது.

வாசக அன்பர்களே, இனி செய்தித்தாளில் நம்பிக்கை விழுக்காடு ஒன்றைக் காணும்போது நம் பிள்ளைகளுடன் அமர்ந்து சில வினாக்களை எழுப்பிப் பார்ப்போம். யாரைக் கேட்டார்கள், எத்தனை பேர் விடையளிக்க மறுத்தார்கள்? என்ன சொற்களால் கேட்டார்கள், எந்த விடைகளைக் கூட்டினார்கள்? எந்த வேளையில் கேட்டார்கள்? உண்மையைச் சொன்னால் தீங்கு வரும் என்று அஞ்ச வேண்டிய நிலையில் விடையளித்தோர் இருந்தார்களா? சென்ற ஆண்டுக்கும் இவ்வாண்டுக்கும் உள்ள வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்கு உட்பட்டதா? 31 என்பது 32 ஆயிற்று என்று ஒருவர் பெருமை பேசினால், அது மாற்றமே அன்று என்று நம் வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவனே சொல்லிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம்பச் சொல்கிறவர் தம்மைச் சோதிக்க இடம் தருகிறாரா என்றும் கேட்போம். இதை அரசிடம் மட்டும் கேட்டால் போதாது. பங்கின் வரவு செலவு கோவில் அறிவிப்புப் பலகையில் எல்லாரும் படிக்கும் வண்ணம் ஒட்டப்படுகிறதா? பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் யாரிடம் சென்று சொல்வது என்பது அக்குழந்தைக்குத் தெரியுமா? அவ்வாறு சொன்ன குழந்தையை நாம் நம்புவோமா, அல்லது ‘அவரைப் பற்றியா இப்படிப் பேசுகிறாய்?’ என்று வாயடைப்போமா? இக்கேள்விகளை எந்தக் கருத்துக் கணிப்பும் நம் வாசலுக்கு வந்து கேட்கப் போவதில்லை. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் நாமே எழுந்து கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று எவரும் கருத வேண்டாம். தெரிந்து தெளிய விரும்பும் குடும்பங்கள் உள்ள பங்கிலேதான் நம்பிக்கைக்கு வேர் பிடிக்கும்.